மோட்டரை இயக்க எந்த நுண்கட்டுப்படுத்தி?



செயற்றிட்டம் தொடங்கும் காலத்தில் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சேர், எந்த நுண்கட்டுப்படுத்தியை வாங்குவது?" என்பதையே. கேள்வி நியாயமானது. ஆனால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்கப்பட வேண்டியது. கட்டுரை எழுதுபவர் தலைப்பை வாசிக்காமல் முன்னுரையைத் தொடங்கினால் என்ன நடக்குமோ, மோட்டரைப் பார்க்காமல் சிப்பை வாங்குபவருக்கும் அதுவே நடக்கும். இப்பாடத்தில் ஒரு சிறு வண்டியை உதாரணமாக எடுத்து, தெரிவை எந்த ஒழுங்கில் செய்வது என்று பார்ப்போம். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானாகவே பின்தொடர்ந்து செல்லும் வண்டி அது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நேரோட்ட மோட்டர். கோட்டை உணர மூன்று உணரிகள்.

நுண்கட்டுப்படுத்தி என்பது யாது?

இதைச் சுருக்கமாகவே கூறுகிறேன். நுண்முறைவழியாக்கி (சில நூல்களில் நுண்செயலி) என்பது கணித்தல், கட்டுப்படுத்தல் ஆகிய வேலைகளை மட்டும் செய்யும் சிப். நினைவகத்தையும் உள்ளீட்டு, வெளியீட்டு வசதிகளையும் வெளியே தனியாக இணைக்க வேண்டும். 1971 இல் வெளிவந்த இன்ரெல் 4004 இவ்வகையானது. நுண்கட்டுப்படுத்தியில் முறைவழியாக்கி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள், நேரங்கணிப்பி ஆகிய யாவும் ஒரே சிப்பினுள் அடங்கியிருக்கும். 1980 இல் வெளிவந்த இன்ரெல் 8051 இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கேட்டால் "எல்லாம் ஒரே சிப்பினுள்" என்ற கருத்து விடையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முதலில் மோட்டரைப் பாருங்கள்

மோட்டரைப் பற்றி அறிய வேண்டியவை: எந்த வகை, எத்தனை வோல்ற்று, எவ்வளவு மின்னோட்டம். மூன்றாவதைத்தான் மாணவர்கள் கவனிக்காமல் விடுகின்றனர்.

எமது வண்டியின் மோட்டர் 6 வோல்ற்றில் இயங்குவது என்போம். பல்மானியை ஓம் அளவீட்டில் வைத்து மோட்டரின் இரு முனைகளுக்கும் இடையிலான தடையை அளவிடுங்கள். அச்சைச் சற்றுச் சற்றாகத் திருப்பி நாலைந்து தடவை அளந்து, கிடைத்தவற்றுள் குறைந்த பெறுமானத்தை எடுங்கள். 6 ஓம் கிடைத்தது என வைத்துக்கொள்வோம். ஓமின் விதிப்படி,

மின்னோட்டம் = 6 வோல்ற்று ÷ 6 ஓம் = 1 அம்பியர்.

"ஆனால் சேர், வண்டி ஓடும்போது அளந்தால் 0.15 அம்பியர்தானே காட்டுகிறது?" என்று ஒருவர் கேட்கலாம். இரண்டும் சரியே. மோட்டர் சுழலும்போது அதன் சுருள் காந்தப் புலத்தை வெட்டுவதால் சுருளில் எதிர்த்திசையில் ஒரு மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. இதனைப் பின்மின்னியக்க விசை என்பர். அது வழங்கப்படும் வோல்ற்றளவை எதிர்ப்பதால் மின்னோட்டம் குறைகிறது. மோட்டர் நின்றுகொண்டிருக்கும்போது சுழற்சி இல்லை. எனவே எதிர்ப்பும் இல்லை. ஆகவே தொடங்கும் கணத்திலும், சில்லு சுவரில் முட்டி நின்றுவிட்ட நிலையிலும் முழு 1 அம்பியரும் பாய முற்படும். சுற்றை வடிவமைக்க வேண்டியது இந்தப் பெரிய பெறுமானத்துக்கே, ஓடும்போது காட்டும் சிறிய பெறுமானத்துக்கு அன்று.

இப்போது சிப்பின் பக்கம் வருவோம். பழைய குறிப்புகளில் நீங்கள் காணும் பிக் 16எஃப்84ஏ சிப்பின் ஒரு முனை ஆகக்கூடியது 25 மில்லியம்பியரைத் தாங்கும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையிலுள்ள ஏ.ரி.மெகா 328பி சிப்பின் முனையிலிருந்து 20 மில்லியம்பியருக்கு மேல் எடுக்காதிருப்பது நல்லது. 40 மில்லியம்பியர் என்பது சேதமடையும் எல்லை. 2021 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்.பி. 2040 சிப்பில் ஒரு முனைக்குத் தெரிவுசெய்யக்கூடிய உயர்ந்த அளவு 12 மில்லியம்பியர். 2023 இல் வந்த ஊனோ ஆர்4 பலகையிலோ 8 மில்லியம்பியர் மட்டுமே. பார்ப்பதற்கு ஆர்3 போலவே இருக்கும், பெயரும் ஊனோதான். ஆயினும் முனையின் வலிமை பாதிக்கும் குறைவு.

இங்கே ஒன்றை அவதானித்தீர்களா? சிப் புதிதாகவும் வேகமாகவும் ஆக, அதன் முனை தரும் மின்னோட்டம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. மோட்டருக்குத் தேவையானது 1000 மில்லியம்பியர். ஊனோ ஆர்3 இன் முனை தருவதைப்போல் 50 மடங்கு. எந்த விலைக்கு எந்தச் சிப்பை வாங்கினாலும் இந்த இடைவெளி மூடப்படாது. நுண்கட்டுப்படுத்தியின் வேலை மோட்டரைச் சுழற்றுவது அன்று. எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்று சொல்வதே. சுழற்றுவது பற்றரியின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு செலுத்திச் சுற்று நிற்க வேண்டும்.

செலுத்திச் சுற்று

மோட்டர் ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டுமாயின் ஒரு திரான்சிற்றர் போதும். விஞ்ஞானப் பாடத்தில் திரான்சிற்றரை ஓர் ஆளியாகப் பயன்படுத்துவதைக் கற்றிருப்பீர்கள். அடிக்குச் செல்லும் சிறு மின்னோட்டம் சேகரிப்பானின் பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மோட்டருக்குக் குறுக்கே 1என்4007 போன்ற ஓர் இருவாயியைப் பின்முகக் கோடலில் இணைக்க மறக்க வேண்டாம். மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது சுருளில் தூண்டப்படும் உயர் வோல்ற்றளவு, வழி இல்லாவிட்டால் திரான்சிற்றரை அழித்துவிடும். சுற்று வரிப்படத்தில் இந்த இருவாயியை மறுபுறமாக வரைபவர்கள் பலர். அதன் கதோட்டு, அதாவது கோடு வரைந்த பக்கம், நேர் முனையை நோக்கி இருக்க வேண்டும்.

எமது வண்டிக்கு முன்னும் பின்னும் செல்ல வேண்டும். ஆகவே நான்கு ஆளிகள் கொண்ட பாலச் சுற்று தேவை. எல் 293டி என்னும் 16 முனைச் சிப்பினுள் இரண்டு மோட்டருக்குப் போதுமான ஆளிகளும் இருவாயிகளும் உள்ளன. ஒரு வழிக்கு 600 மில்லியம்பியரும், கணநேரத்துக்கு 1.2 அம்பியரும் அதன் எல்லை. அதில் ஒரு குறையுண்டு. 600 மில்லியம்பியர் செல்லும்போது ஏறத்தாழ 2.6 வோல்ற்றை அதுவே விழுங்கிவிடும். 6 வோல்ற்றுப் பற்றரியில் மோட்டருக்குக் கிடைப்பது அப்போது 3.4 வோல்ற்று மட்டுமே. வண்டி சோம்பேறித்தனமாக ஊர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ரி.பி. 6612 போன்ற பிற்காலச் செலுத்திகளில் இவ்விழப்பு மிகக் குறைவு, அது 1.2 அம்பியரைத் தொடர்ந்து தாங்கவும் கூடும். எமது 1 அம்பியர் மோட்டருக்கு நான் தெரிவது இதனையே.

வேகத்தை மாற்றுவது எவ்வாறு?

கோட்டின் இடப்புறம் வண்டி விலகினால் வலப்புறச் சில்லின் வேகத்தைக் குறைத்தால்தான் வண்டி மீண்டும் கோட்டுக்குத் திரும்பும். இலக்கமுறை முனைக்குத் தெரிந்ததோ 0, 1 ஆகிய இரண்டு நிலைகளே. இடைப்பட்ட வேகத்தை அது எவ்வாறு தரும்? மிக விரைவாகத் தொடுத்தும் துண்டித்தும் தரும். தொடுத்திருக்கும் நேரத்தின் விகிதத்தை மாற்றினால் சராசரி வோல்ற்றளவு மாறும். இதுவே துடிப்பு அகல மட்டிசைப்பு, சுருக்கமாகப் பி.டபிள்யூ.எம்.

ஊனோ ஆர்3 பலகையின் பெரும்பாலான பி.டபிள்யூ.எம். முனைகளில் துடிப்பின் மீடிறன் ஏறத்தாழ 490 ஹேர்ட்ஸ். எனவே ஓர் ஆவர்த்தன காலம்,

1 ÷ 490 = 0.00204 செக்கன், அதாவது ஏறத்தாழ 2 மில்லிசெக்கன்.

நிகழ்ச்சித்திட்டத்தில் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். 192 கொடுத்தால் 192 ÷ 255, அதாவது ஏறத்தாழ 75 சதவீத நேரம் தொடுத்திருக்கும். ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் 1.5 மில்லிசெக்கன் தொடுத்தும் 0.5 மில்லிசெக்கன் துண்டித்தும் இருக்கும். செலுத்தியின் இழப்பைக் கருதாவிடின் 6 வோல்ற்றில் சராசரி 4.5 வோல்ற்று.

கணக்கு இவ்வளவு அழகாக இருந்தாலும் மோட்டர் அதற்கு அப்படியே கட்டுப்படாது. நாங்கள் வகுப்பில் செய்த வண்டியில் 70 இற்குக் கீழான எண்களுக்குச் சில்லு அசையவே இல்லை; மோட்டர் முனகியது மட்டுமே. நிலை உராய்வை வெல்லும் அளவுக்கு முறுக்கம் உண்டாகவில்லை. முனகல் ஏன் கேட்டது? மனிதச் செவிக்குக் கேட்கும் வீச்சு 20 முதல் 20 000 ஹேர்ட்ஸ் என்று படித்திருக்கிறீர்கள். 490 அதற்குள் அடங்குகிறது. மீடிறனை 20 000 இற்கு மேலே கொண்டுபோனால் சத்தம் மறையும். ஆனால் அவ்வளவு விரைவாகத் தொடுத்துத் துண்டிக்கச் செலுத்தியும் இடங்கொடுக்க வேண்டும்.

இங்குதான் சிப்புகளுக்கு இடையே உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது. சில சிப்புகளில் இத்துடிப்பை உருவாக்கும் தனிப் பகுதி உள்ளேயே இருக்கும். எண்ணை எழுதிவிட்டால் அது தானே துடித்துக்கொண்டிருக்கும்; நிகழ்ச்சித்திட்டம் உணரிகளைக் கவனிக்கலாம். அப்பகுதி இல்லாத சிப்பில் நிகழ்ச்சித்திட்டமே "தொடு, காத்திரு, துண்டி, காத்திரு" என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். செய்ய முடியாதது அன்று. ஆனால் பரீட்சை எழுதிக்கொண்டே மணிக்கூட்டின் செக்கன் முள்ளையும் எண்ணுவதைப் போன்றது அது. இரண்டிலொன்று பிழைக்கும்.

முனைகளை எண்ணுதல்

இப்போதுதான் சிப்பைத் தெரிவுசெய்யும் கட்டத்துக்கு வந்திருக்கிறோம். ஒரு தாளில் எமது தேவைகளை எழுதுவோம். ஒரு மோட்டருக்குத் திசைக்கு 2 முனைகள், வேகத்துக்கு 1. இரு மோட்டர்களுக்கு 6. உணரிகளுக்கு 3. தொடங்கும் ஆளிக்கு 1, ஒளிகாலும் இருவாயிக்கு 1. மொத்தம் 11. இவற்றுள் 2 முனைகள் பி.டபிள்யூ.எம். வசதியுடையவையாக இருக்க வேண்டும். உணரிகள் கறுப்பு, வெள்ளை என இரண்டை மட்டும் அறிவிக்காமல் ஒளியின் அளவையே தருவனவாயின், ஒப்புமைச் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் 3 முனைகளும் வேண்டும்.

பிக் 16எஃப்84ஏ சிப்பில் 13 உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் உள்ளன. 11 ஐ விட அதிகம். அவசரக்காரர் இங்கேயே வாங்கிவிடுவார். ஆனால் அதில் பி.டபிள்யூ.எம். பகுதியும் இல்லை, ஒப்புமை – இலக்க மாற்றியும் இல்லை. பிக் 16எஃப்628ஏ இல் 16 முனைகள், ஒரேயொரு பி.டபிள்யூ.எம். பகுதி. எமக்கு இரண்டு வேண்டும். பிக் 16எஃப்877ஏ இல் 33 முனைகள், இரண்டு பி.டபிள்யூ.எம்., எட்டு ஒப்புமை உள்ளீடுகள், எல்லாம் பொருந்துகின்றன. எனினும் 40 கால்கள் கொண்ட பெரிய சிப். நிகழ்ச்சித்திட்டத்தை ஏற்ற வழக்கமாகத் தனிக் கருவியும் வேண்டும். ஏ.ரி.மெகா 328பி இல் ஆறு பி.டபிள்யூ.எம். வெளியீடுகள், ஊனோ ஆர்3 பலகையாக வாங்கினால் ஆறு ஒப்புமை உள்ளீடுகள், கணனியுடன் வடம் ஒன்றால் இணைத்து நேரே நிகழ்ச்சித்திட்டத்தை ஏற்றும் வசதி. எமது வண்டிக்கு இதுவே பொருத்தம் என்பது என் முடிவு.

மோட்டர் மாறினால் முடிவும் மாறும். ஒரு மின்விசிறியை ஒரே திசையில், வெவ்வேறு வேகத்தில் சுழற்றுவது மட்டுமே வேலை எனில் 16எஃப்628ஏ போதும். 8 கால்கள் கொண்ட ஏ.ரி.ரைனி 85 கூடப் போதும். படிமுறை மோட்டர் ஒன்றால் யன்னல் திரையை இழுப்பதாயின் நான்கு முனைகளை ஒழுங்காக மாற்றி மாற்றித் தொடுத்தால் சரி, பி.டபிள்யூ.எம். தேவையில்லை, நாம் ஒதுக்கிய 16எஃப்84ஏ இதற்குப் பொருந்தும். சேர்வோ மோட்டருக்கு வேண்டியது ஒரே ஒரு சமிக்ஞைக் கம்பி. 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 1 முதல் 2 மில்லிசெக்கன் அகலமான துடிப்பு. மூன்று அவத்தைத் தூரிகையற்ற மோட்டர் வேறு உலகம். ஆறு ஆளிகளை இயக்க வேண்டும். மேலாளியும் கீழாளியும் ஒரே கணத்தில் தொடுக்கப்பட்டால் பற்றரி குறுஞ்சுற்றாகிவிடும் என்பதால் இடையில் சிறு இடைவெளி விட வேண்டும். தொழிற்சாலைப் பொறியியலாளர் இவ்விடைவெளியைத் தாமே விட்டுக்கொடுக்கும் சிறப்புச் சிப்புகளைத் தெரிகின்றனர். சாதாரண தரச் செயற்றிட்டத்துக்கு அது வேண்டாம்.

வேகம் கூடியது சிறந்ததா?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மெகாஹேர்ட்ஸ். அதில் மயங்க வேண்டாம். 20 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மேற்கூறிய பிக் சிப்புகள் ஓர் அறிவுறுத்தலுக்கு நான்கு கடிகாரத் துடிப்புகளை எடுக்கின்றன. ஆகவே செக்கனுக்கு 50 இலட்சம் அறிவுறுத்தல்கள். ஏ.ரி.மெகா 16 மெகாஹேர்ட்ஸில் இயங்கினாலும் பெரும்பாலான அறிவுறுத்தல்களை ஒரே துடிப்பில் முடித்துவிடும். எண்ணில் சிறியது வேலையில் விரைவானது.

அதைவிட முக்கியம், எமக்கு எவ்வளவு வேகம் தேவை என்பது. சில்லில் 20 துளைகள் கொண்ட தட்டைப் பொருத்திச் சுழற்சியை எண்ணுகிறோம் என்போம். சில்லு செக்கனுக்கு 3 முறை சுழன்றால் 60 துடிப்புகள். 1 கோடி 60 இலட்சத்தை 60 ஆல் வகுத்தால், இரண்டு துடிப்புகளுக்கு இடையில் சிப்புக்கு 2 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. வண்டியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சும்மா இருக்கிறது.

பற்றரியையும் கவனியுங்கள்

நான் கலைப் பட்டதாரி. நிகழ்ச்சித்திட்டம் எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தவன், சுற்றுகளைப் பின்னர்தான் மாணவர்களோடு சேர்ந்து கற்றேன். அதற்கு ஒருமுறை விலையும் கொடுத்தோம். மூன்று மாணவர்கள் கண்காட்சிக்காக இந்த வண்டியைச் செய்தார்கள். மேசையில் சில்லுகள் காற்றில் சுழன்றபோது எல்லாம் ஒழுங்கு. தரையில் வைத்ததும் ஓர் உதறல், ஒளிகாலும் இருவாயி அணைந்து எரியும், மறுபடி உதறல். சிப் பழுது என்று நான் சொன்னேன். அவர்கள் காசு சேர்த்துப் புதியது வாங்கி வந்தார்கள். அதுவும் உதறியது. வண்டி அடுத்த நாள் மேசையில் காட்சிப் பொருளாக மட்டும் நின்றது.

காரணம் 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரி. பற்றரிக்கும் உள்ளே ஓர் அகத் தடை உண்டு. பாவிக்கப் பாவிக்க அது கூடும். அது 4 ஓம் என்று கொள்வோம். தரையில் தொடங்கும் கணத்தில் இரண்டு மோட்டர்களும் சமாந்தரமாக 3 ஓம். மொத்தத் தடை 7 ஓம், மின்னோட்டம் 9 ÷ 7 = 1.29 அம்பியர். பற்றரியின் முனைகளுக்கிடையே எஞ்சுவது 1.29 × 3 = 3.9 வோல்ற்று வரையில். 5 வோல்ற்றைத் தரும் சாதாரண சீராக்கிக்கு 7 வோல்ற்றாவது உள்ளே வர வேண்டும். சிப்புக்குப் போதிய வோல்ற்றளவு கிடைக்காததால் அது அணைந்து, மோட்டர் நின்றதும் மீண்டெழுந்து, நிகழ்ச்சித்திட்டத்தை முதலிலிருந்து தொடங்கியது. சிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை.

மோட்டருக்கும் சிப்புக்கும் வெவ்வேறு பற்றரி வையுங்கள். இரண்டினதும் மறை முனைகளை மட்டும் ஒன்றாக இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் சிப் அனுப்பும் சமிக்ஞைக்குத் திரும்பும் பாதை இல்லாமற் போகும். மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றைப் பற்றாசு செய்தால் தூரிகைகளின் தீப்பொறியால் வரும் இடையூறும் குறையும்.

சிப்பின் வோல்ற்றளவும் தெரிவில் ஒரு காரணி. பிக்கோ 3.3 வோல்ற்றில் இயங்குவது. அதன் முனைக்கு 5 வோல்ற்று உணரி ஒன்றை நேரே இணைத்தால் சிப் பழுதடையலாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணைத்து, 2 கிலோ ஓமுக்குக் குறுக்கே எடுத்தால் 5 × 2 ÷ 3 = 3.3 வோல்ற்று கிடைக்கும்.

விடை எழுதும்போது

"பொருத்தமான நுண்கட்டுப்படுத்தியைத் தெரிந்து காரணம் தருக" என்று வந்தால் "இது சிறந்தது, மலிவானது" என எழுதி நிறுத்தாதீர்கள். தேவையையும் வசதியையும் ஒரே வசனத்தில் இணையுங்கள். உதாரணம்: "இரண்டு மோட்டர்களின் வேகத்தைத் தனித்தனியே மாற்ற வேண்டியிருப்பதால், குறைந்தது இரண்டு பி.டபிள்யூ.எம். வெளியீடுகள் கொண்ட ஏ.ரி.மெகா 328பி தெரிவுசெய்யப்பட்டது." வரிப்படம் கேட்டால் சிப்புக்கும் மோட்டருக்கும் இடையே செலுத்தியை வரையாமல் விடாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 12 வோல்ற்று மோட்டர் ஒன்றின் சுருள் தடை 8 ஓம். அது தொடங்கும் கணத்தில் பாயக்கூடிய மின்னோட்டம் யாது? எல் 293டி இதற்குப் பொருந்துமா? காரணம் தருக.

2. சேர்வோ மோட்டர் ஒன்றுக்கு 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 1.5 மில்லிசெக்கன் துடிப்பு வழங்கப்படுகிறது. தொடுத்திருக்கும் நேரத்தின் சதவீதம் யாது?

3. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் பம்பியை இயக்கவும், நிறைந்தால் நிறுத்தவும் வேண்டும். இரண்டு நீர்மட்ட உணரிகள் உள்ளன. தேவையான முனைகளை எண்ணுக. இதற்கு 16எஃப்84ஏ, 328பி ஆகியவற்றுள் எதனைத் தெரிவீர்? பி.டபிள்யூ.எம். தேவையா?

4. வண்டியின் இரு பற்றரிகளினதும் மறை முனைகளை இணைக்காமல் விட்டால் நிகழ்வது யாது?

விடைக் குறிப்பு: (1) 1.5 அம்பியர், கணநேர எல்லையான 1.2 அம்பியரை விட அதிகம், ஆகவே பொருந்தாது. (2) 7.5 சதவீதம். (3) உள்ளீடு 2, வெளியீடு 1, 16எஃப்84ஏ போதும், பம்பியை இயக்குவதும் நிறுத்துவதும் மட்டுமே என்பதால் பி.டபிள்யூ.எம். வேண்டாம், ஆனால் அஞ்சலி ஒன்றும் அதற்கொரு திரான்சிற்றரும் இருவாயியும் வரிப்படத்தில் வர வேண்டும். நான்காவது வினாவுக்கான விடை மேலே உள்ளது, தேடி எடுங்கள்.